முன்வரையறுத்த மாறிகளும் கலைச்சொல்லாக்கமும்: ஒரு கருத்துரை

வள்ளியூர் வட்டாரப் பனைத்தொழிற் சொற்களைத் தொகுக்கும் ஆய்வு மாணவர் ஒருவர், அவற்றைத் திரையில் தேடிக் காண டிசிஎல் மொழியிலும் அதன் வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்பாகிய டிகேயிலும் நிரல் எழுதுவதாகக் கொள்ளலாம். பதநீர், கருப்பட்டி முதலிய சொற்களைத் தமிழெழுத்திலேயே உள்ளிடுவதில் தடையில்லை. 1999இல் வெளிவந்த 8.1 பதிப்பு முதல் டிசிஎல் ஒருங்குறியை ஏற்கிறது. இடர்ப்பாடு தோன்றுவது, டிகே தானே முன்கூட்டிப் பெயரிட்டு வைத்துள்ள மாறிகளிடத்தில்.

டிகே_வெர்ஷன் என்பது பதிப்பெண்ணையும், டிகே_லைப்ரரி என்பது துணைநிரல்கள் உள்ள கோப்பகத்தையும் தாங்கி நிற்கும். டிகே_ஸ்டிரிக்ட்மோட்டிஃப் என்பதன் தொடக்க மதிப்பு 0; அதனை 1 ஆக்கினால், சுட்டி மேலே செல்லும்போது பொத்தான்கள் நிறம் மாறா. (இங்குத் தமிழில் தரப்படுவது ஒலிப்பு மட்டுமே, நிரலில் மூல எழுத்துகளே வேண்டும்.) டிகே::பிரிவ் என்னும் அணியோ தொகுப்பின் அகப்பயன்பாட்டிற்கு உரியது, நிரலர் தொடத்தக்கதன்று. படித்தறிவதற்கு உரியது, மாற்றுவதற்கு உரியது, விலக்குவதற்கு உரியது என்னும் இவ்வேறுபாட்டைச் 'சிறப்பு மாறிகள்' என்ற ஒற்றைத் தொடர் மறைத்துவிடுகிறது. மாற்றக் கருதப்படாத பதிப்பெண்ணை 'மாறி' என்பதும் பொருந்துவதாக இல்லை.

தமிழ்க் கையேடு எழுதுவோர் இப்பெயர்களையும் மொழிபெயர்த்துவிடின் விளைவு கடுமையானது. 'கண்டிப்பு' என்னும் பெயருக்கு மாணவர் 1 என மதிப்பளித்தால் டிசிஎல் பிழை காட்டாது. அப்பெயரில் புதிய மாறி ஒன்றைப் படைத்துக்கொண்டு வாளாவிருக்கும். பொத்தான்கள் முன்போலவே நிறம் மாறும். பிழைச்செய்தி இன்மையால் தவறு தன் நிரலில் என்றே அவர் கருதுவார். தமிழ்ப்பெயர் மாறிகளுக்கு இடமுண்டு எனினும், டாலர் குறியிட்டு மதிப்பைப் பெறும்போது அப்பெயரை நெளிவு அடைப்புக்குள் இட வேண்டும். டாலர் குறியை அடுத்து அடைப்பின்றி வரத்தக்கவை ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கீறும் பெயர்வெளிப் புள்ளிகளுமே. இதனையும் கையேடுகள் சொல்லியாக வேண்டும்.

இச்சிக்கலை விளக்கத் தமிழிலக்கணத்தின் இடுகுறி, காரணப்பெயர்ப் பாகுபாடு போதுமானது. டிகே_லைப்ரரி காரணப்பெயர்போல் தோன்றினும், பொறியைப் பொறுத்தவரை இடுகுறியே. பொருள் ஒத்திருப்பினும் வேறொரு பெயர் அதன் இடத்தில் நில்லாது. வடசொல்லை அதன் எழுத்து நீக்கித் தமிழோசைக்கேற்ப ஏற்கத் தொல்காப்பியம் வழிவகுத்தது. அந்த நெகிழ்வு பொறியிடம் இல்லை. ஆகவே கலைச்சொல்லாக்கத்தின் பணி பெயரில் அன்று, விளக்கத்தில்தான் தொடங்க வேண்டும். பெயரை மூல வடிவிலேயே நிறுத்தி, அதனருகே பயனைத் தமிழில் கூறி, 'படிப்புக்குறி', 'அமைவுக்குறி', 'அகக்குறி' என வகை சுட்டலாம். இச்சொற்களினும் பொருத்தமானவை பனைத்தொழில் நிரலை எழுதும் மாணவரிடமிருந்தே கிடைக்கக்கூடும்.