மைசூர்பாக்கில் பாகிஸ்தான் எங்கே இருக்கு?

தரமணி டைடல் பார்க் பக்கம் டீ பிரேக்கில் மைசூர்பாக் சாப்பிடும்போது உங்களுக்குப் பாகிஸ்தான் ஞாபகம் வருமா? ஜெய்ப்பூரில் சிலருக்கு வந்திருக்கு!

2025 மே மாதம், இந்தியா - பாகிஸ்தான் மோதலின்போது அங்குள்ள சில ஸ்வீட் கடைகள் மைசூர்பாக்கை ‘மைசூர் ஸ்ரீ’ என்றும், மோத்தி பாக்கை ‘மோத்தி ஸ்ரீ’ என்றும் மாற்றின.

ஆனா, இந்த ‘பாக்’ வேற. கன்னடத்தில் ‘பாக’ன்னா சர்க்கரைப்பாகு. நம்ம வீட்டில் அதிரசத்துக்குக் காய்ச்சுறோமே, அதே பாகுதான். பாகிஸ்தானில் இருக்கும் ‘பாக்’, ‘தூய’ என்று பொருள் தரும் பாரசீகச் சொல்.

அதே மாதம், ஹைதராபாத்தில் கராச்சி பேக்கரியின் பெயர்ப்பலகையைச் சிலர் சேதப்படுத்தினார்கள். பிரிவினையால் சொந்த ஊரை விட்டு இந்தியாவுக்கு வந்த சிந்தி குடும்பம் 1953-ல் தொடங்கிய கடை அது.

இந்தப் பெயர்ச் சண்டையில் பாகிஸ்தானுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடி வாங்குவது நம்ம நாட்டுக் கடைக்காரரும், நம்ம பாகும்தான்!