கூட்டத்துள் ஒரு கொலை

கொலை வழக்கைக் கேட்பதில் மக்கட்கு உள்ள ஆர்வம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கோவலன் கொலையுண்ட செய்தியை முன்னரே அறிந்திருந்தும், கண்ணகி பாண்டியன் அவைக்கண் சென்று வழக்குரைக்கும் பகுதியைப் பயிலுந்தோறும் நம் நெஞ்சம் துடிக்கின்றது. இறந்தான் எவன் என்பதினும், எவர் பிழையால் இறந்தான் என்பதே கேட்போர் உள்ளத்தைப் பிணிப்பது. அவ்வார்வத்தை இக்காலத்தில் திரைச்சித்திரங்கள் பெரிதும் தம்வயப்படுத்திக்கொண்டன. ஆயின், அண்மைக்காலத்தில் மாணவரிடையே ஒரு முறையீடு மிகுதியாகக் கேட்கப்படுகின்றது. பழங்காலத்தைக் களமாகக் கொண்டு, பாத்திரங்கள் பலர் நெருங்கி நிற்கும் கொலை மர்மப் படங்களைத் தொடர்ந்து பார்த்துப் பொருள் கொள்ள இயலவில்லை என்பதே அம்முறையீடு. அதன் நியாயத்தையும் அநியாயத்தையும் சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாண்டு எம் விடுதி மாணவர் சிலர் ஓய்வுநாள் மாலைகளில் ஒருங்கு கூடிப் பழைய படங்களைக் கண்டு ஆராய்ந்து வந்தோம். அவற்றுள் இரண்டு இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றவை. ஒன்று, ஏ.வி.எம். நிறுவனத்தார் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அந்த நாள்’. மற்றொன்று, ராபர்ட் ஆல்ட்மன் இயக்கி 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோஸ்ஃபோர்டு பார்க்’ என்னும் ஆங்கிலப் படம். முன்னதைக் கண்டு முடித்தபொழுது ஐயம் எழுப்பியவர் ஒருவரும் இலர். பின்னதைக் கண்டபொழுதோ, பாதிக்கு முன்னரே, “இவன் யார்? சற்றுமுன் வந்தவன் இவனா, வேறொருவனா? இவள் எவருடைய தங்கை?” என்னும் வினாக்கள் நாற்புறமும் எழுந்தன. பக்கத்திலிருந்தவர் விடை கூறி முடிப்பதற்குள் திரையில் மேலும் மூவர் புகுந்தனர்!

‘அந்த நாள்’ படத்தை இயக்கியவர் வீணை வித்துவானாகப் பிற்காலத்துப் பெரும்புகழ் எய்திய எஸ். பாலச்சந்தர். உரையாடல் எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. 1943-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு வீசிய காலமே கதைக்களம். சிவாஜி கணேசன் நடித்த ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கின்றான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, ஆசைக்கிழத்தி, அண்டை வீட்டார் என ஐவர்மீது ஐயம் படர்கின்றது. பாட்டு ஒன்றேனும் இன்றித் தமிழ்ப்படம் எடுத்தல் கனவிலும் எண்ணப்படாத அக்காலத்தில், இப்படத்தில் ஒரு பாட்டும் இல்லை. ஒருவர் பின் ஒருவராகச் சான்று உரைக்கின்றனர். ஒவ்வொருவர் உரையிலும் கொலை வேறொருவர் கையால் நிகழ்கின்றது. இறந்தவனும் ஒவ்வொருவர் கண்ணுக்கும் வேறொரு மனிதனாகத் தோன்றுகின்றான். ஐவர் சொல்லும் ஒன்றோடொன்று முரணினும் காண்போர் மயங்குவதில்லை. ஒருவர் பேசுங்கால் மற்றையோர் வாய் அடைபட்டிருத்தலே அதற்குக் காரணம். முடிவை ஈண்டு யாம் உரையோம். காணாதார் கண்டு அறிக.

‘கோஸ்ஃபோர்டு பார்க்’ இதற்கு முற்றும் மாறானது. 1932-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துப் பெருமாளிகை ஒன்றில் வேட்டை விருந்துக்குச் செல்வர் பலர் கூடுகின்றனர். அவரவருடன் அவரவர் பணியாளரும் வருகின்றனர். மேல்மாடத்துச் செல்வரும் கீழ்த்தளத்துப் பணியாளருமாக முப்பதின்மருக்குக் குறையாதோர் இடையறாது வருவதும் போவதுமாக உள்ளனர். ஒருவர் பேச்சின்மேல் மற்றொருவர் பேச்சு ஏறி விழுகின்றது. விருந்தினரின் பணியாளரை அவர்தம் சொந்தப் பெயரால் அழையாது, அவர் எசமானர் பெயராலேயே அழைக்கும் வழக்கம் அம்மாளிகையில் நிலவுகின்றது. ஆகவே ஒரே பெயருக்கு மாடத்தில் ஒருவரும் அடுக்களையில் ஒருவருமாக இருவர் உளராகின்றனர். கொலையோ, படத்தில் ஏறக்குறையப் பாதி கழிந்த பின்னரே நிகழ்கின்றது. அதற்குள் இறந்தவன் எவன், அவனை வெறுப்பவர் எவர் என்று மனத்தில் வகுத்துக்கொள்வது எளிதன்று.

இங்ஙனம் மயங்கினார்க்குச் சமாதானம் கூறுவோர் இரு திறத்தினர். படத்தின்மேல் குற்றம் சாற்றுவோர் ஒரு திறத்தார். ‘மயங்க வைத்தல்’ நூற்குற்றம் பத்தனுள் ஒன்றென்று பவணந்தி முனிவர் நன்னூலிற் கூறியிருத்தலை அவர் எடுத்துக்காட்டுவர். காண்போர்மேல் குற்றம் சாற்றுவோர் மற்றைத் திறத்தார். அரை நிமிடத்திற்கு ஒன்றாகக் கைப்பேசியிற் காட்சிகளைத் தள்ளிப் பழகிய விரலுக்கு, இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கும் ஆற்றல் ஏது என்பர் அவர். இரு கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் விஷயத்தின் வேரைத் தொடவில்லை என்பது எம் துணிபு.

நன்னூலையே மீண்டும் நோக்குவோம். விளங்க வைத்தலை அழகென்று கூறிய அதே முனிவர், ‘ஆழம் உடைத்தாதல்’ என்பதனையும் அழகுகளுள் ஒன்றாக வைத்தார். ‘முறையின் வைப்பு’ என்பதனையும் உடன் வைத்தார். நூலுக்குச் சொன்ன இவ்விலக்கணத்தைத் திரைச்சித்திரத்திற்கும் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை. ஆழம் உடையது முதற் பார்வையிலேயே அடி தெரியாது; அதனால் அது குற்றமுடையதாகிவிடாது. ஆழத்தினுள் முறை உளதா என்பதே கேட்கத்தக்க வினா.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியே பேருந்தில் ஏறினால் கடற்கரையை அடுத்த மாமல்லபுரத்தை எய்தலாம். ஆங்கே ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்குவித்த பெரும்பாறைச் சிற்பம், ஏறக்குறைய 90 அடி நீளமும் 40 அடி உயரமும் உடையது. தேவரும் முனிவரும் வேடரும் நாகரும் விலங்கும் பறவையுமாக நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அதன்கண் நெருங்கியுள்ளன. அதனினும் பெரிய கூட்டத்தை எந்தத் திரைச்சித்திரம் காட்டியது? முதன்முறை காண்பவன் கண் எங்கு நிற்பதென்று அறியாது அலைவது இயல்பே. ஆயினும் சற்றுப் பொறுத்து நோக்குவானாயின், பாறையின் நடுவே ஒரு பிளவு தோன்றும். அதனுள் நாக வடிவங்கள் தோன்றும். இருமருங்கிலும் உள்ள உருவங்களுட் பல அப்பிளவை நோக்கி வருதல் தோன்றும். பின்னர், ஒற்றைக்காலில் நின்று தவம் புரிவோனும், அவனுக்கு வரமருள நிற்கும் சிவபெருமான் வடிவமும் தெளிவாகும். அதன் பின்னரே, பெரிய யானையின் அருகே அத்தவசியைப் போலவே நின்று பொய்த்தவம் புரியும் பூனையும், அதனை நம்பித் தொழும் எலிகளும் கண்ணிற்படும். நகைப்பும் உடன் பிறக்கும். அத்தவசி அருச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்னும் வழக்கு அறிஞரிடையே இன்றும் தீர்ந்தபாடில்லை. வழக்குத் தீராமையால் அச்சிற்பத்தைக் குழப்பமென்று ஒதுக்கினார் எவரும் உளரோ? இலர். முறை இருத்தலால் கூட்டம் அழகாயிற்று.

ஆகவே யாம் ஓர் அளவுகோலை முன்வைக்கின்றோம். மக்கள் நெருங்கிய ஒரு படைப்பை இரண்டாம் முறை காணுங்கால் மயக்கம் தெளியுமாயின், குறை நம் கண்ணில் இருந்தது. மயக்கம் வளருமாயின், குறை படைப்பில் உள்ளது. பழங்காலத்து உடைகளையும் வண்டிகளையும் விளக்குகளையும் நிரப்பி, பாத்திரங்களின் வறுமையை அவற்றால் மறைக்க முயலும் படங்கள் இவ்வளவுகோலுக்கு நில்லா. ‘கோஸ்ஃபோர்டு பார்க்’ நிற்கின்றது. யாம் அதனை மறுமுறை கண்டபொழுது, முன்பு இரைச்சலாகக் கேட்டதெல்லாம் பொருளுடைய சொல்லாக மாறியதைக் கண்டோம்.

முதன்முறை எம்மனோர் எவ்விடத்தில் இடறினோம் என்று கூடி ஆராய்ந்தபொழுது ஓர் உண்மை புலப்பட்டது. இக்கட்டுரை எழுதப் புகுந்ததும் அதன் பொருட்டே. மாடத்துச் செல்வரை ஒருவாறு யாவரும் இனங்கண்டுகொண்டனர். ஒருவருக்கொருவர் வேறுபாடு தெரியாமற்போனது பணியாளரிடத்தேதான். தட்டு ஏந்தி வந்தவனையும் விளக்கேற்றிச் சென்றவளையும் பார்வையாளர் முகம் நோக்கிப் பாராது விடுத்தனர். அப்படத்தில் விசாரணைக்கு வரும் காவல் அதிகாரியும் இதனையே செய்கின்றார். பணியாளரை விசாரிப்பதில் தமக்கு நாட்டமில்லை என்றும், இறந்தவரோடு தொடர்புடையோரே தமக்கு வேண்டும் என்றும் கூறி அவர்களைப் புறக்கணிக்கின்றார். உண்மையோ, அவர் நோக்காத கீழ்த்தளத்தில் அவருக்காகக் காத்திருக்கின்றது. பார்வையாளரின் மயக்கமும் அவ்வதிகாரியின் மயக்கமும் ஒன்றே. பெயர் பறிக்கப்பட்டவரை இனங்காண இயலாமை கண்ணின் குறையன்று, வழக்கத்தின் குறை.

பரிசுத்த வேதத்தின் மரபிலும் இதற்கொப்ப ஒரு வழக்கு உண்டு. கத்தோலிக்கர் தானியேல் ஆகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரமாகவும், சீர்திருத்தச் சபையார் தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றாகவும் கொள்வது சூசன்னாள் சரித்திரம். மூப்பர் இருவர் பொய்ச்சான்று கூற, சபையார் முழுவதும் அதனை நம்பி அப்பெண்ணைக் கொலைக்களத்துக்கு அனுப்பத் துணிந்தனர். இளைஞனாகிய தானியேல் அவ்விருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின்கீழ்க் கண்டீர் என்று தனித்தனியே வினவினான். இருவரும் இருவேறு மரங்களைக் கூறினர், பொய் வெளிப்பட்டது, பெண் பிழைத்தாள். கூட்டமாக நின்றபொழுது மெய்போல் ஒலித்த சொல், தனியே நிறுத்தியபொழுது பொய்யென்று தெரிந்தது. ஒவ்வொருவரையும் ஒருவராக நோக்குதலே நீதியின் முதற்படி.

இது திரைச்சித்திரத்தோடு முடியும் விஷயமன்று. செங்கற்பட்டுப் புகைவண்டி நிலையத்தில் காலைப்பொழுதில் வந்து நின்று பாருங்கள். மின்சார வண்டியிலிருந்து இறங்குவோர் நம் கண்ணுக்கு ஒரு வெள்ளமே அன்றி மனிதர் அல்லர். அங்கே நாடோறும் பூ விற்பாளை, தரை பெருக்குவாளை, மறுநாள் வேறிடத்திற் கண்டால் அடையாளம் சொல்ல வல்லார் நம்முள் எத்துணையர்? விடுதியில் நமக்கு மூன்று வேளையும் சோறு படைப்பார் பெயரை எத்துணையர் அறிவர்? விடுதி அறையில் ஒரு பொருள் காணாமற்போனால், எவர்மேல் முதலில் ஐயம் செல்கின்றது? பெயர் அறியாதார்மேல் அன்றோ? கதையில் முகம் நோக்காமை மயக்கத்தோடு நின்றுவிடும். வாழ்க்கையில் அது அநியாயமாக முடியும். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பான் என்று நம் கர்த்தர் அருளினார். மந்தையை மந்தையாகவே எண்ணுபவன் கூலியாள்.

மாமல்லபுரத்துச் சிற்பி இதனை நன்கு உணர்ந்தவன். தேவரைச் செதுக்கிய உளியாலேயே, பின்காலால் மூக்கைச் சொறியும் மானையும் அவன் செதுக்கினான். அப்பெரும்பாறைக்கு அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில், மலையை ஏந்திய கண்ணனுக்குச் சற்றும் குறையாத அன்போடு, பால் கறக்கும் ஆயனும், கன்றை நக்கும் பசுவும், தலையிற் சுமையேந்திய ஆய்ச்சியும் உருப்பெற்றுள்ளனர். அச்சிற்பியின் கூட்டத்தில் நிரப்புவதற்காக நின்றவர் எவரும் இலர்.

இனி, மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் யாம் கூற விழைவன சில. கல்லூரியில் படம் காட்டுவோர், பாத்திரங்களின் பெயரும் உறவும் அடங்கிய ஒரு தாளை முன்னரே அச்சிட்டு அளித்தல் நலம். படம் முடிந்தவுடன் கலைந்து செல்லாது, எவர் எவரைக் கண்டார், எவர் எவரைக் காணாது விட்டார் என்று உரையாடுதல் அதனினும் நலம். விளங்கவில்லை என்று ஒரு படைப்பைத் தள்ளுமுன் மறுமுறை காணும் பொறுமையை வளர்த்தல் வேண்டும். இவை யாவற்றினும் எளியதொன்று உண்டு. அதற்குத் திரையும் வேண்டா, பொருளும் வேண்டா. நாளைக் காலை உணவுக்கூடத்தில் இட்டிலி வைப்பாரை நிமிர்ந்து நோக்கி, “ஐயா, தங்கள் பெயர் என்ன?” என்று கேட்போமாக.