படைத்தவன் குரல்

1973-ம் வருஷம் செப்டம்பர் மாதம் முதல் கனடா தேசத்தில் ‘ஸ்டார்லாஸ்ட்’ என்னும் பெயரால் ஒரு தொலைக்காட்சித் தொடர் காட்டப்பட்டது. 16 பாகங்களோடு நின்றுபோன அத்தொடரைப் பற்றி இப்போது எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காட்சியின் சிறப்புக்காக நாம் எழுத வரவில்லை. கடவுளின் பேரால் மனிதனை மனிதன் எப்படி அடக்கி ஆளுகிறான் என்பதை அதன் முதல் பாகம் சிறு பிள்ளைக்கும் விளங்கும்படி காட்டுகிறது என்பதற்காகவே எழுதுகிறோம்.

கதை இதுதான். பூமி அழியப்போகிறது என்று அறிந்த மனிதர்கள், 50 மைல் அகலமும் 200 மைல் நீளமும் உள்ள ஒரு பெரிய விண்கப்பலைக் கட்டி, அதற்குள் தனித்தனிக் கூடங்களில் பலவித மக்களைக் குடியேற்றி, வேறொரு நட்சத்திரத்தை நோக்கி அனுப்புகிறார்கள். 2385-ம் வருஷத்தில் ஏதோ விபத்து நேர்ந்து கூடங்களின் கதவுகளெல்லாம் மூடிக்கொள்கின்றன. 405 வருஷம் கழிகிறது. உள்ளே பிறந்தவர்களுக்குத் தாங்கள் இருப்பது கப்பல் என்பதே மறந்துபோய்விடுகிறது. அந்தக் கூடமே உலகம், அதன் கூரையே வானம் என்று நம்பி வாழ்கிறார்கள்.

இப்படி ஒரு கப்பல் வேண்டுமென்பது வெறும் கற்பனையல்ல. நமது சூரியனுக்கு அடுத்துள்ள நட்சத்திரமே 4 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. 1977-ல் அனுப்பப்பட்ட வாயேஜர் 1 என்னும் விண்கலம் வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரத்தைக் கடக்க 70,000 வருஷத்துக்கு மேலாகும். எவ்வளவோ அதிக வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டாலும், புறப்பட்டவன் போய்ச் சேரமாட்டான். அவன் பேரனுக்குப் பேரன்தான் சேருவான். ஆகவே தகப்பன் தனக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டால், கப்பல் எவ்வளவு உறுதியாயிருந்தும் பயனில்லை.

நிற்க. அக்கூடங்களில் ஒன்று சைப்ரஸ் கார்னர்ஸ் என்னும் உழவர் ஊர். அங்கே ‘படைத்தவனின் குரல்’ என்று ஒன்று பேசும். இன்னாரை இன்னார் மணக்க வேண்டுமென்று அது சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. டெவன் என்னும் வாலிபனும் ரேச்சல் என்னும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஆனால் அவளைக் கார்த் என்பவனுக்குக் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பாகிறது. அவளைக் கேட்டார்களா? இல்லை. டெவன் துருவிப் பார்க்கிறான். படைத்தவனின் குரல் என்பது ஒரு கம்ப்யூட்டர்! ஊர்ப் பெரியவர்கள் தங்கள் கட்டளையைக் கேசட்டில் பதிவுசெய்து அதற்குள் செருகுகிறார்கள். அதுதான் ஆண்டவன் ஆக்ஞையாக வெளியே கேட்கிறது!

தப்பியோடிய டெவன் கப்பலின் உட்புறத்தில் வேறொரு கம்ப்யூட்டரிடம் கேட்கிறான். அது ஒளிக்காமல் உள்ளதைச் சொல்லுகிறது. ஊருக்குத் திரும்பி வந்து, ‘நாம் இருப்பது கப்பல்’ என்கிறான். அவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? மதத்துரோகி என்று விசாரணை நடத்தி, கல்லால் அடித்துக் கொல்லும்படி தீர்ப்பு. யந்திரம் ஒரே ஜாதிதான். கேள்வி கேட்பவன் கையில் அது ஆசிரியன். கேள்வியை அடக்குபவன் கையில் அதுவே கடவுள். ஆகவே யந்திரம் வந்துவிட்டால் மூடநம்பிக்கை தானே ஓடிப்போகும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

பெண்ணைப் பெறவேண்டியவனான கார்த்தே டெவன் தப்பிக்க உதவுகிறான். பின்பு அவன் ரேச்சலைத் திரும்ப அழைக்கும்போது அவள் வரமாட்டேன் என்கிறாள். முடிவில் மூவரும் சேர்ந்து கப்பலை ஓட்டும் அறைக்குப் போகிறார்கள். ஓட்ட வேண்டியவர்கள் எலும்புக்கூடாய்க் கிடக்கிறார்கள். கப்பலோ, நமது சூரியனைப் போன்றதொரு நட்சத்திரத்தின் மேல் மோதுவதற்கு நேராகப் போய்க்கொண்டிருக்கிறது!

அந்த ஊரார் உழைத்து, சண்டை சச்சரவின்றி அடக்கமாய் வாழ்ந்தவர்கள்தானே, அவர்கள் நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று சில நல்லவர்கள் கேட்பார்கள். நாம் அவர்களைக் கேட்கிறோம்: அடக்கம் கப்பலைத் திருப்புமா? பொய்யைச் செருகிய பெரியவர்கள் மட்டும் நெருப்புக்குத் தப்புவார்களா? ஏமாந்தவன் எந்தக் கப்பலில் இருக்கிறானோ அதே கப்பலில்தான் ஏமாற்றுகிறவனும் இருக்கிறான். தங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே மனிதனை அல்லவா அவர்கள் கல்லால் அடிக்கப் பார்த்தார்கள்!

இத்தொடருக்கு வித்திட்ட ஹார்லன் எல்லிசன் என்னும் அமெரிக்க எழுத்தாளர், தயாரிப்பாளர்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று வெறுத்து, தன் பெயரைப் போடவேண்டாமென்று புனைபெயரைப் போடச்செய்தார். அவர் எழுதிய மூலத்துக்கோ அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் பரிசு கிடைத்தது. விஞ்ஞான ஆலோசகராயிருந்த பென் போவா, அத்தயாரிப்பைக் கேலி செய்து 1975-ல் ஒரு நாவலே எழுதினார். கப்பல் பிழைத்ததா என்று காட்டாமலே தொடர் முடிந்துபோயிற்று.

அதனால் நமக்கு நஷ்டமில்லை. நாம் கவனிக்க வேண்டியவர் ஆபிரகாம் என்னும் கிழவர். வெளியே போகும் இருண்ட வாசலின் சாவி அவரிடம் இருந்தது. பெரியவர்கள் சொல்லுவதில் அவருக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் உள்ளே நுழையப் பயந்து, அச்சாவியை வைத்துக்கொண்டே முதுமையடைந்துவிட்டார். பெரியவர்களைப் போன்ற பித்தலாட்டக்காரர் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். ஆபிரகாம்களோ தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மனதுக்குள் சந்தேகம்; வாயில் பூட்டு. ஆயினும் அவரை நாம் இகழமாட்டோம். தன்னால் ஆகாததை அறிந்து, சாவியை ஒரு வாலிபன் கையில் கொடுத்தாரே, அதுவும் பெரிய காரியந்தான்.

வாசலைத் திறக்கத் துணிவுள்ளவர்கள் திறக்கட்டும். துணிவில்லாதவர்கள் சாவியைத் தங்களோடு குழிக்குக் கொண்டுபோகாமல், கேட்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாவது போகட்டும் என்றே கேட்டுக்கொள்கிறோம்.