கடைவீட்டில் சட்டம் எதைக் காக்கிறது?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்று பலருக்கும் தெரியும். அங்கே ஒரு பழைய மளிகைக் கடையோ பூக்கடையோ மூடப்பட்டால், ‘பாதுகாக்கப்பட்ட இடத்தில் இது எப்படி நடக்கலாம்?’ என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண, அந்தப் பாதுகாப்பு எதன்மேல் விழுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் பழைய கட்டடங்களைக் காக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தேசிய நினைவுச்சின்னமாக அறிவிப்பது. சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலும் டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலும் அந்த வகை. தனிச்சிறப்புள்ள கட்டடங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் வழி அது. இன்னொன்று, ஒரு வட்டாரத்தையே பாதுகாப்புப் பகுதியாக அறிவிப்பது. தனித்துப் பார்த்தால் எந்தச் சிறப்பும் தெரியாத வீடுகளும் வரிசையாக நிற்கும்போது ஒரு தெருவுக்கு முகம் தருகின்றன. அந்த வரிசையைக் காப்பதே இரண்டாம் வழியின் நோக்கம். 1989 ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் உள்ளிட்ட பத்துப் பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன. பொறுப்பு நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் உள்ளது.

வரிசையில் நிற்பவை கடைவீடுகள். கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு என்று கட்டப்பட்ட ஒடுக்கமான, நீளமான கட்டடங்கள். அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே செங்கல் சுவர்தான் இருக்கும். இதைப் பொதுச்சுவர் என்போம். ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிரே உள்ள பொதுச்சுவர் வரை மர உத்தரங்கள் போகின்றன. மாடித் தளத்தைத் தாங்குபவை இவைதான். ஆகவே உத்தரத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளமே வீட்டின் அகலத்தையும் கட்டுப்படுத்தியது. அகலத்தில் கிடைக்காத இடத்தைப் பின்னோக்கி நீட்டி எடுத்துக்கொண்டார்கள். நீட்டியபோது நடுப்பகுதி இருண்டது. அங்கே வெளிச்சமும் காற்றும் வரக் கூரையைத் திறந்து விட்டார்கள். நம் ஊர் வீடுகளின் முற்றத்தை அறிந்தவருக்கு அந்தத் திறப்பு புதிதல்ல. முகப்பில், மேல்மாடிக்குக் கீழே, ஐந்தடி நடைபாதை ஓடுகிறது. நிலம் வீட்டுக்காரருடையது, நடப்பது ஊராருடைய உரிமை. வெயிலிலும் மழையிலும் மக்கள் நடக்க, வீடுகளின் முன்னால் தொடர்ச்சியான மூடுவழி விடப்பட வேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822இல் நகரக் குழுவுக்கு அளித்த கட்டளையிலிருந்து வந்த ஏற்பாடு இது.

ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் இந்த அமைப்பில் எதையும் தனியாகப் பிரித்தெடுப்பது கடினம். அதனால்தான் ஆணையத்தின் விதிகள் முகப்போடு நிற்பதில்லை. கூரை, பொதுச்சுவர், மர உத்தரங்கள், திறந்த முற்றம், பின்கட்டு, மரச் சன்னல்கள், மரப் படிக்கட்டு எல்லாம் பட்டியலில் உள்ளன. விதியின் சாரம் மூன்று படிகள் கொண்டது. இருப்பதை இயன்றவரை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். சிதைந்ததைப் பழைய நிலையறிந்து மீட்க வேண்டும். பழுதைக் கவனமாகச் சரிசெய்ய வேண்டும். மாற்றிக் கட்டுவது கடைசி வழி. வேலை தொடங்குமுன் உரிமையாளர் கட்டடக் கலைஞர் மூலம் வரைபடங்கள் சமர்ப்பித்து அனுமதி பெற வேண்டும்.

எல்லாப் பகுதிக்கும் விதி ஒரே கடுமையில் இல்லை. லிட்டில் இந்தியா போன்ற வரலாற்று வட்டாரங்களில் கடைவீடு முழுவதுமே காக்கப்படுகிறது. ஜூ சியட் போன்ற, நகர மையத்திலிருந்து தள்ளியுள்ள பகுதிகளில் முன்பக்க முதன்மைக் கட்டடத்தைக் காத்தால் போதும். பின்னால் அப்பகுதிக்கு அனுமதித்த உயரம் வரை புதிதாகக் கட்டலாம். தெருவில் நடப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். பின்சந்துக்குள் போனால் வேறுபாடு தெரியும்.

உரிமையாளருக்கு இதில் என்ன கிடைக்கிறது? விதிகளின்படி மீட்டெடுக்கும் கட்டடங்களுக்கு மேம்பாட்டுக் கட்டணமும், போதிய வாகன நிறுத்துமிடம் இல்லாததற்கான கட்டணமும் தள்ளுபடி செய்யப்பட்டன. இரண்டாவது சிறியதாகத் தோன்றலாம். நூறாண்டுக் கடைவீட்டில் கார் நிறுத்த இடம் எங்கே இருக்கும்?

ஆனால் பெரிய மாற்றம் வாடகையில் வந்தது. போருக்குப் பிந்திய வீட்டுத் தட்டுப்பாட்டில், 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய கட்டடங்களின் வாடகை உயராமல் அது பிடித்து வைத்தது. சிறு வியாபாரிகள் அதன் நிழலில் பல்லாண்டு பிழைத்தார்கள். மறுபக்கம், வரும் வாடகையில் கூரையை மாற்றக்கூட உரிமையாளருக்குக் கட்டுப்படியாகவில்லை, கட்டடங்கள் இற்றுப்போயின. கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 2001இல் முழுவதும் நீங்கியது. பழுதுபார்க்கப் பணம் வந்தது. வாடகையும் சந்தை விலைக்குப் போனது. கட்டடத்தைக் காப்பாற்றிய அதே காரணம் கடைக்காரருக்குச் சுமையாயிற்று. இதில் யாருடைய கெடுநோக்கையும் தேட வேண்டியதில்லை.

கடைசியாக, தொழில். பாதுகாப்பு விதிகள் சுவரையும் உத்தரத்தையும் பற்றிப் பேசுகின்றன. உள்ளே மிளகாய்த்தூள் அரைபடுகிறதா, கைப்பேசி விற்கப்படுகிறதா என்பது அவற்றின் எல்லைக்குள் இல்லை. நிலப்பயன்பாட்டு விதிகள் அந்த இடைவெளியை ஓரளவு அடைக்கின்றன. வட்டாரத்தின் மையப் பகுதியில் அதன் இயல்புக்குப் பொருந்தாத சில தொழில்களுக்கு அனுமதி மறுக்கலாம். ஆனால் மறுப்பதால் ஒரு கடை வராமல் தடுக்கலாம். இருக்கும் கடையைத் தொடர்ந்து நடத்தச் செய்ய முடியாது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்ட மாலைக்காரரிடம் எந்த விதியும் வந்து பூத் தொடுக்காது. தேசிய மரபுடைமைக் கழகம் 2025இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் குறைந்தது முப்பது ஆண்டு நடந்த கடைகளுக்கு மரபுடைமை வணிகம் என்ற அங்கீகாரம் தருகிறது. வாடகையை நிர்ணயிப்பது அதன் வேலையல்ல.

கட்டடத்துக்கான விதி தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அது இல்லாதிருந்தால் லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் ரோட்டில் இன்று பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்த விதியிடம் கடைகளையும் காக்கச் சொல்வது, அதனிடம் இல்லாத அதிகாரத்தைக் கேட்பதாகும். கடைகள் நிலைக்க வேண்டுமானால் பேச்சு வாடகை ஒப்பந்தத்தின் காலத்தைப் பற்றியும், பொதுத்துறைக்குச் சொந்தமான கடையிடங்கள் யாருக்கு, என்ன விலைக்கு விடப்படுகின்றன என்பதைப் பற்றியும் தொடங்க வேண்டும். அவை வேறு மேசைகளில் முடிவாகின்றன. வட்டாரத்து வியாபாரிகள் தங்கள் கோரிக்கையை அங்கே கொண்டுபோவது பயன் தரும்.