கேபிளைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வையுங்கள்

கணினிப் படிப்பின் செய்முறைத் தேர்வில் ஆர்எம்ஐ என்றொரு பயிற்சி வரும். வேறொரு கணினியில் ஓடும் நிரலுக்குள் இருக்கும் பொருளை, நம் நிரல் தன்னுடையதைப் போலவே கூப்பிட்டு வேலை வாங்கும் முறை அது. 1997-இல் ஜாவா நிரல்மொழியின் 1.1 பதிப்புடன் வந்தது. சிதம்பரத்தில் பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். கடலூரிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் மனப்பாடமாக அடித்து, முழு மதிப்பெண் வாங்கிப் போகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம்.

இந்த ஏற்பாட்டின் நடுவே ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற சின்ன நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமாக அதன் வாசல் எண் (போர்ட்) 1099. பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணைக் கவுன்டர் மாதிரி: டாக்டர் பெயரைச் சொன்னால் அறை எண் சொல்லும், வைத்தியம் பார்க்காது. பொருளை வைத்திருக்கும் சர்வர் நிரல் செத்துப்போனாலும், யாரும் நீக்காதவரை பெயர் அதன் பட்டியலில் இருக்கும். கேட்டால் முகவரியும் தரும். கூப்பிட்டுப் பார்த்தால்தான் அங்கே ஆளில்லை என்பது தெரியும். ரெஜிஸ்ட்ரியே நின்றுவிட்டால் பட்டியல் மொத்தமும் போச்சு, ஏனென்றால் அது நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது.

இதில் எதையும் பிள்ளைகள் பார்ப்பதில்லை. சர்வர், ரெஜிஸ்ட்ரி, கூப்பிடும் நிரலான கிளையன்ட் மூன்றையும் ஒரே கணினியில், மூன்று ஜன்னல்களில் ஓட்டுகிறார்கள். நெட்வொர்க்கே இல்லாத நெட்வொர்க் பயிற்சி! இரண்டு லினக்ஸ் கணினிகளில் பிரித்து ஓட்டச் சொன்னால் பல நேரம் முதல் அழைப்பே விழுந்துவிடும். சர்வர் தன் முகவரியாக 127.0.1.1 என்று, அதாவது ‘இதே கணினி’ என்று கொடுத்திருக்கும். கிளையன்ட் தன்னையே தேடிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்குத்தான் பாடம் ஏறுகிறது.

தூரத்துப் பொருளைப் பக்கத்துப் பொருளாக நினைத்து நிரல் எழுதாதீர்கள் என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜிம் வால்டோ உள்ளிட்ட நால்வர் 1994-லேயே கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். அவர்களில் ஒருவரான ஆன் வால்ராத் பிற்பாடு ஆர்எம்ஐ உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். தூரத்து அழைப்பு ஒவ்வொன்றும் ‘ரிமோட் எக்ஸப்ஷன்’ வரலாம் என்று அறிவித்தே ஆக வேண்டும் என்ற விதி அந்தக் கவலையின் வழியில் வந்ததுதான். நம் பிள்ளைகள் அந்த வரியை எழுதுகிறார்கள், ஏன் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு, கடலூரில் சொந்தக்காரர்களின் நம்பர் நம் கையில் இருந்தது, லைன்தான் கிடைக்கவில்லை. முகவரி தெரிவது வேறு, ஆள் கிடைப்பது வேறு. ரேஷன் கடையில் ‘சர்வர் இல்லை’ என்ற பதிலோடு ஒரு பாட்டி திரும்பிப் போகும்போதெல்லாம் எனக்கு என் ஆய்வகம்தான் ஞாபகம் வருகிறது. நாளைக்கு அந்த மென்பொருளை எழுதப்போவது இதே பிள்ளைகள்தானே.

ஆர்எம்ஐ பழசு, தூக்கிவிடலாம் என்பவர்களும் உண்டு. அதன் ஒரு பகுதியை 2021-இல் ஜாவா 17 நீக்கியதும் உண்மை. ஆனால் பெயரைக் கொடுத்து முகவரி வாங்கும் வேலை இணையத்தின் பெயர்ப் பட்டியலான டிஎன்எஸ்ஸிலும், சர்வர் நிரல்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸிலும் அப்படியே நடக்கிறது.

பாடத்திட்டத்தை மாற்றக்கூட வேண்டாம். தேர்வில் இரண்டு கணினிகளைக் கொடுங்கள். நிரல் ஓடும்போது கேபிளைப் பிடுங்குங்கள். பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று மாணவர் வரம்பு வைத்திருக்கிறாரா, பயனருக்கு என்ன சொல்கிறார், கேபிள் திரும்ப வந்ததும் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பாதி மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள்.