விடிகாலைப் பக்கவாதமும் ஸ்கேனும்

ஊத்துக்குளியில் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்த பனியன் தொழிலாளி, வாய் கோணி, ஒரு கை விளங்காமல் விழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூளை ரத்தக் குழாயில் அடைப்பா, கசிவா என்பதை சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் சொல்லிவிடும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். தூக்கத்தில் வந்ததற்கு எந்த நேரத்திலிருந்து கணக்கிடுவது?

இங்கேதான் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் கைகொடுக்கிறது. மண்டையைத் திறக்காமல், கை நரம்பில் ஏற்றிய மருந்து மூளைக்குள் பாய்வதைப் படம்பிடித்து, செத்த பகுதி எது, இன்னும் காப்பாற்றக்கூடியது எது எனப் பிரித்துக் காட்டுகிறது. இப்படிக் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சமிருந்தால், பெரிய ரத்தக் குழாய் அடைபட்ட சிலருக்கு, 24 மணி நேரம் வரைகூட ரத்தக் கட்டியை அகற்றிப் பலன் காணலாம் என்று 2018இல் அச்சேறிய டான் ஆய்வு நிறுவியது.

இந்த ஸ்கேனும் அதைப் படித்துச் சொல்லும் மருத்துவரும் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நள்ளிரவிலும் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். வீட்டார் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.