வாங்க இயலாத மகிழ்ச்சி

புதிய கைப்பேசி வாங்கிய அன்று மனம் துள்ளும். சில நாள்களில் அது பழகிப்போகும். மனம் அடுத்த பொருளை நாடும். செல்வம் பெருகினால் இக்குறை தீரும் என்பர் சிலர்.

அமெரிக்க உளவியலறிஞர் பிலிப் பிரிக்மன் குழுவினர் 1978இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தருகிறது. பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். வென்றோர் பிறரைவிட மகிழ்ச்சியாக இல்லை. நண்பருடன் உரையாடுதல், காலையுணவு உண்ணுதல் போன்ற அன்றாடச் செயல்களில் அவர்கள் பெற்ற இன்பமோ குறைந்திருந்தது.

பெரியவற்றுக்கே பழகிய மனம் சிறியவற்றைச் சுவைக்க மறக்கிறது. நுகர்வு வெறியால் நேரும் உண்மையான இழப்பு இதுவே; பண இழப்பு அடுத்ததே. தேவைக்கு வாங்குதல் தவறன்று. பிறரிடம் உள்ளதெல்லாம் தமக்கும் வேண்டும் என்னும் எண்ணமே மன அமைதியைக் கெடுக்கும். வாங்குமுன் ‘இது தேவையா?’ என வினவுவோர் அவ்வமைதியைக் காப்பர்.